மகமைக் கணக்கு

விருதுநகரின் பழைய வத்தல் மண்டி எதிலாவது ஒரு பில்லை வாங்கிப் பாருங்கள். எடை, விலை, கமிஷன், இறக்குக்கூலி, சாக்கு என்று போகிற வரிசையில், கூட்டுத்தொகைக்குச் சற்று முன்னால் இன்னொரு வரி இருக்கும்: மகமை. நூறு ரூபாய் வியாபாரத்துக்குச் சில பைசாக்கள்தான் அது. வெளியூரிலிருந்து புதிதாகச் சரக்கு எடுக்க வருகிறவர்கள், "இது என்ன வரி அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். சர்க்கார் விதித்த வரி இல்லை. வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டது. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற பணம். தொழில் என்றால் என்ன, சாமி என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த கொஞ்சத்தையும் இந்த ஒற்றை வரிதான் சொல்லிக்கொடுத்தது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மகமை லாபத்தில் கொடுக்கிற பங்கு கிடையாது. விற்பனையில் எடுத்துவைக்கிற பங்கு. வருஷக் கடைசியில் ஐந்தொகை போட்டுப் பார்த்து, மிச்சம் இருந்தால் தர்மம் செய்வது உலக வழக்கம். எங்கள் ஊர்க்காரர்கள் மூட்டை கைமாறும் அந்த நிமிஷத்திலேயே எடுத்துவைத்தார்கள். அந்த வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டாலும் மகமை மகமைதான். சின்ன வித்தியாசமாகத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு மேல் தொழில் செய்த பிறகு எனக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது.

இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் வந்து தங்கிய நாடார் வியாபாரிகள், வண்டியும் சரக்கும் பத்திரமாக இருக்கப் பேட்டைகள் கட்டினார்கள். பேட்டையைப் பராமரிக்கப் பணம் வேண்டும். அதற்காக உறவின்முறை என்ற ஊர்ச் சாதிச் சபை கூடி வசூலித்ததுதான் மகமை. வரவு செலவைப் பார்க்க முறைகாரர்கள் இருந்தார்கள். அந்தப் பொறுப்பு ஆள் மாற்றி ஆள் வரும். அந்தக் காலத்தில் பெரிய கோயில்களுக்குள் இவர்களுக்கு அனுமதி கிடையாது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கு நடந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தோற்றார்கள். இதே கோயில் நுழைவுப் பகையில் 1899இல் சிவகாசியே பற்றி எரிந்தது. உள்ளே விடாத கோயில் வாசலில் நின்றுகொண்டே இருக்காமல், மகமைப் பணத்தில் தங்களுக்கென்று கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொண்டார்கள். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889இல் அப்படி வந்ததுதான். அப்போது ஊரின் பெயர்கூட விருதுபட்டி.

பள்ளிக்கூடத்துக்குப் பெண்கள் கொடுத்தது பிடியரிசி. என் அப்பத்தா அதைச் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு இருக்கும். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவிட வேண்டும். ஆள் வந்து வாங்கிப்போவார். அந்த அரிசியை விற்ற காசு பள்ளிக்கூடத்துக்கு. "வீட்ல எத்தனை பேரு, அரிசி எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டா எடுத்தோம்? எடுத்துட்டுத்தான் மிச்சத்த வடிச்சோம்" என்பார். அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் போட்ட பிடியரிசியில் படித்தவர்கள் எத்தனை பேரோ. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர், தகப்பனை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டு, மாமாவின் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனார். பிறகு 1954இல் முதலமைச்சர் ஆனார். காமராஜரின் மதிய உணவுத் திட்டத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தையும் அரிசிப்பானையையும் சேர்த்து நினைக்கும் வழக்கம் அவருக்குப் பிறந்த ஊரிலேயே வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எங்கள் மண்டி சின்ன மண்டி. கமுதி, முதுகுளத்தூர் பக்கத்து விவசாயிகள் முண்டு வத்தல் கொண்டுவருவார்கள். கரிசலில் மழையை நம்பி விதைத்து, தை பிறந்த பிறகு பறிக்கத் தொடங்கி, களத்திலும் ரோட்டோரத்திலும் காயப்போட்டு, மூட்டை கட்டி ராத்திரி லாரியில் ஏற்றி விடிகாலையில் வந்து இறங்குவார்கள். மண்டிக்குள் நுழைந்ததுமே நெடி மூக்கில் ஏறும். புது ஆள் தும்மியே களைத்துப்போவான். காம்பு கிள்ளுகிற பெண்கள் முகத்தில் துணி கட்டி உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். தராசில் முதல் மூட்டை ஏறும்போது எடைபோடுகிறவர் "ஒண்ணு" என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார். பிறகு ரெண்டு, மூணு.

அப்பாவின் மண்டியில் நான் பார்த்து வளர்ந்ததில் ஒன்றை விவரமாகச் சொல்ல வேண்டும். வத்தலை வாங்க வருகிறவர்கள் மூட்டையைப் பிரித்துக் கையை நடுவில் விட்டு அள்ளுவார்கள். மேலே நல்ல வத்தலைப் போட்டு, உள்ளே வெள்ளை பாய்ந்த சண்டு வத்தலை வைக்கிறவர்களும் உண்டு என்பதால் நடுவிலிருந்துதான் எடுப்பார்கள். காதருகே குலுக்கிப் பார்ப்பார்கள். நன்றாகக் காய்ந்த முண்டு வத்தலில் விதை கலகலவென்று சத்தம் போடும். கிள்ளி முகர்ந்துவிட்டுத் தரையில் போட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார்கள். ஒருவர் அள்ளினால் ஒரு கை. நாள் முழுக்க எத்தனையோ பேர், எத்தனையோ மூட்டை. சாயங்காலம் கூட்டினால், மாதிரிக்கு எடுத்துப் போட்ட வத்தல் ஒரு குவியல் சேர்ந்துவிடும்.

அந்தக் குவியல் யாருக்குச் சொந்தம்? எழுதின சட்டம் எதுவும் கிடையாது. மண்டிக்கே என்று எடுத்துக்கொள்வதுதான் பல இடங்களில் வழக்கம். விவசாயியும் கேட்க மாட்டார். அவருக்கு ஊருக்குத் திரும்ப பஸ் பிடிக்கிற அவசரம். தவிர, அடுத்த விதைப்புக்கு முன்பணம் இதே மண்டியில்தான் வாங்கியாக வேண்டும். கேட்க முடியாதவரிடமிருந்து எடுத்துக்கொள்வது சுலபம். அப்பா அந்தக் குவியலை எடைபோடச் சொல்வார். அன்றைய விலையைப் போட்டு, அன்று சரக்கு இறக்கியவர்களின் மூட்டைக் கணக்குப்படி பிரித்து, ஒவ்வொருவர் பற்று வரவிலும் எழுதச் சொல்வார். ஒருவருக்கு எட்டணா வரும், ஒருவருக்கு ஒன்றரை ரூபாய் வரும். கணக்கப்பிள்ளைக்கு இது பெரிய தொல்லை. "மொதலாளி, இதுக்கு நான் மை போடுற செலவு கூட" என்பார். அப்பா பதில் சொல்ல மாட்டார்; அவர் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

கமுதிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒருநாள் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதென்ன மொதலாளி, கடைசியில ஒரு ரூவா அதிகமா வந்திருக்கு? தப்பா எழுதிட்டாகளா?" என்று கேட்டார். "உங்க வத்தல்தான் அண்ணாச்சி, தரையில கெடந்தது" என்றார் அப்பா. அவர் கொஞ்ச நேரம் சிட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேட்டி மடிப்பில் அதை முடிந்துகொண்டு போனார். அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை இன்றும் எங்களுக்குத்தான் சரக்கு போடுகிறது. விலை கூடக் கிடைக்கிற இடம் வேறு இல்லாமல் இல்லை.

அப்பா மகமையை விவசாயி தலையில் கட்டியதும் இல்லை. விற்றவர் கணக்கில் பிடிப்பதும் வாங்குகிறவர் பில்லில் சேர்ப்பதும் ஊரில் உண்டு. அவர் எங்கள் கமிஷனிலிருந்து கழித்தார். "நாம கும்பிடுற சாமிக்கு அவரு எதுக்குக் காசு கட்டணும்?" என்று ஒருமுறை சொன்னது ஞாபகம் இருக்கிறது.

கமிஷன் மண்டித் தொழிலின் ஆபத்து வெளியே தெரியாது. விவசாயிக்கு அன்றைக்கே பணம் கொடுத்துவிட வேண்டும். வாங்கிப்போகிறவர் தவணையில்தான் கொடுப்பார். இடையில் நிற்கிற பணம் மண்டிக்காரருடையது. ஒரு வருஷம் வெளியூர் வியாபாரி ஒருவர் பெரிய தொகைக்குச் சரக்கு எடுத்துவிட்டுக் கைவிரித்தார். அதே சமயம் வரத்து அதிகமாகி வத்தல் விலையும் தரைக்கு வந்தது. வீட்டில் இருந்த நகை எல்லாம் வங்கிக்குப் போயிற்று. விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டியதில் ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் பாக்கி. வருஷக் கணக்கு முடிக்கிற நேரத்தில் கணக்கப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மகமைய இந்த வருஷம் நிறுத்தி வச்சு, அடுத்த வருஷம் சேத்துக் கட்டிக்கிடலாமா மொதலாளி? முறைகாரரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஊருக்கே தெரியும்."

"சரக்கு வித்துச்சா இல்லையா?"

"வித்துச்சு."

"அப்ப எழுதும்."

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அப்போது கல்லூரிப் படிப்பு முடிகிற வயது. அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். பல வருஷம் கழித்துத்தான் அப்பாவின் கணக்கு புரிந்தது. நஷ்டத்தைக் காரணம் காட்டி ஒருமுறை நிறுத்தினால், லாபத்தை எவ்வளவு என்று முடிவுசெய்கிற உரிமை நம் கைக்கு வந்துவிடுகிறது. எந்த வியாபாரிக்கும் தன் லாபம் போதுமானதாகத் தோன்றிய வருஷம் ஒன்றுகூடக் கிடையாது.

எண்பதுகளில் நான் மண்டியோடு சேர்த்து மிளகாய்த்தூள் அரைக்கத் தொடங்கினேன். வத்தலாக விற்பதைவிடத் தூளாகப் பாக்கெட் போட்டு விற்றால் நாலு காசு கூட நிற்கும் என்பது கணக்கு. வங்கிக் கடன், ஒரு அரவை மெஷின், பாக்கெட் ஒட்டுகிற இயந்திரம், காம்பு கிள்ளத் தெரிந்த நாலைந்து பெண்கள், இவ்வளவுதான் முதல். வத்தலை ஒரே ஓட்டத்தில் அரைத்தால் மெஷின் சூட்டில் நிறம் கருத்துவிடும், மணமும் போய்விடும். முதலில் கொரகொரப்பாக உடைத்து, ஆறவைத்து, மறுபடி அரைக்க வேண்டும். நேரம் பிடிக்கும், கரண்ட் செலவு கூடும். தூள் தானாகச் சிவப்பாக இருக்க இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மெஷின் வாங்கிய அன்று அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் நாணயத்தை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். தொழில் நிலைத்தால் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாகப் பராசக்தி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். நிலைத்தது, எடுத்தார். அந்த வெயிலில் கையில் நெருப்போடு அம்மா நடந்துவந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும். அப்பா வேண்டுதல் எதுவும் செய்யவில்லை. முதல் பில் புத்தகம் அச்சாகி வந்ததும் வாங்கிப் புரட்டினார். மகமை வரி இருக்கிறதா என்று பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார். நேர்த்திக்கடன் நினைத்தது நடந்த பிறகு தீர்ப்பது, மகமை நடக்குமா என்று தெரியாதபோதே கொடுப்பது. இரண்டும் பக்திதான், இரண்டும் என் வீட்டில் இருந்தன. தொழிலுக்கு எது துணை என்று கேட்டால் நான் அப்பா பக்கம்தான் நிற்பேன்.

அதைச் சோதிக்கிற நாள் வராமல் போகவில்லை. ஒரு பெருநகர மொத்த வியாபாரி எங்கள் தூளை எடுத்துக் கொஞ்ச காலம் விற்றார். பிறகு நேரில் வந்தார். "காரம் நல்லாருக்கு, மணம் நல்லாருக்கு, நிறம் பத்தல. பக்கத்துப் பாக்கெட் எப்படிச் செவசெவன்னு நிக்குது பாருங்க" என்றார். பையிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். விரல் நுனியில் தொட்டாலே அழியாத சிவப்பு. ஒரு மூட்டைக்கு ஒரு கரண்டி போதுமாம். எல்லோரும் போடுகிறார்களாம். மாதாமாதம் எங்கள் உற்பத்தியில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கடன் தவணை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது.

நான் பொட்டலத்தைத் தொடவில்லை. "எங்க வீட்டுக் கொழம்புக்கும் இந்தத் தூள்தான் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அத்தோடு அந்த வியாபாரமும் போனது. அதை ஈடுகட்ட எனக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. நேர்மைக்குக் கூலி உடனே கிடைத்தது என்று எழுதினால் இளைஞர்களை ஏமாற்றுவதாகிவிடும். கிடைக்கவில்லை. அந்தச் சிவப்புப் பாக்கெட்டுகள் பல வருஷம் எங்களைவிட நன்றாக விற்றன.

வெகுகாலம் கழித்து, 2003இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பா போன மிளகாய்த்தூளில் சூடான் என்ற சாயம் இருப்பது தெரியவந்தது. மெழுகுக்கும் பூட்ஸ் பாலிஷுக்கும் போடுகிற சாயம். சாப்பாட்டில் சேர்க்கத் தடை இருந்தது. 2005இல் அந்தத் தூள் கலந்த சாஸ் ஒன்றினால் இங்கிலாந்துக் கடைகளிலிருந்து நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைத் திரும்பப் பெற்றார்கள். ஸ்பைசஸ் போர்டு ஏற்றுமதியாகிற மிளகாய்க்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. பேப்பரில் அதைப் படித்தபோது எனக்கு வெற்றி பெற்ற எண்ணம் வரவில்லை. எத்தனை வீட்டுக் குழந்தைகள் எத்தனை வருஷம் அதைச் சாப்பிட்டார்களோ என்ற கவலைதான் வந்தது. தொழிலில் கடைப்பிடிக்கிற ஒழுக்கம் நம்மை உயர்த்துகிறதா இல்லையா என்பது இரண்டாம் கேள்வி. முன்பின் பார்த்திராத ஒருவர் வீட்டுச் சட்டியில் நம் கைச்சரக்கு கொதிக்கிறது, அதுதான் முதல் விஷயம்.

கூலி விஷயத்தில் அப்பா ஒரு காரியம் செய்தார். விளக்கு வைத்த பிறகு கையிலிருந்து பணம் கொடுக்கக் கூடாது என்பது வியாபாரக் குடும்பங்களில் ஊறிப்போன நம்பிக்கை. லட்சுமி வெளியே போய்விடுவாளாம். சனிக்கிழமை கூலியை இதைச் சொல்லித் திங்கட்கிழமைக்குத் தள்ளுகிற இடங்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதான் காம்பு கிள்ளுகிற பெண்கள் வீட்டுச் சாமான் வாங்குகிற நாள். எங்கள் வீட்டில் விளக்கு வைப்பதற்குள் கூலி கொடுத்துவிடுவது வழக்கம். ஒரு சனிக்கிழமை வசூலுக்குப் போனவர் வர இருட்டிவிட்டது. அம்மா விளக்கு ஏற்றிவிட்டார். பெண்கள் வாசலில் காத்திருந்தார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தார். "லச்சுமி அவங்க வீட்டுக்குத்தான போறா, போகட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா கல்லாவைத் திறந்தார். நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமலே அதை நியாயத்தின் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும் என்று நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

மகமைப் பணம் யாருடையது என்ற கேள்வி கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. வடநாட்டில் இதையே தர்மதா என்பார்கள். பில்லில் வாடிக்கையாளரிடம் தர்மத்துக்கென்று வாங்கிய தொகையும் வியாபாரியின் வருமானம்தானே, வரி கட்டு என்றது வருமான வரித்துறை. பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாங்கும்போதே தர்மத்துக்கென்று கடமைப்பட்ட பணம் அது, வியாபார வரவு ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் ஆடிட்டர் இதை விளக்கியபோது, கையெழுத்துப் போடத் தெரியாத அப்பத்தாவின் அரிசிப்பானைச் சட்டமும் இதேதானே என்று எனக்குப் பட்டது.

மகமையை நான் குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை. ஒரு சாதிக்குள் திரட்டிய பணம் அது. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் திரட்டினார்கள் என்பதால் அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. கல்வியைப் பொறுத்தவரை அந்தப் பணம் தன் வேலியைத் தாண்டியது. எங்கள் ஊர்ப் பள்ளிகளிலும் 1947இல் தொடங்கிய செந்திக்குமார நாடார் கல்லூரியிலும் படித்து வந்த எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். கல்விக்குத் தனி ஒருவர் அள்ளிக் கொடுப்பதும் உண்டு. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அது வள்ளல் ஒருவரின் கொடை; அதற்குத் தலைவணங்குகிறேன். மகமை வேறு ரகம். பெயர் தெரியாத நூறு சின்னக் கடைக்காரர்கள் பைசா பைசாவாகக் கட்டியது. அதைக் கொடுக்கப் பணக்காரனாகும் வரை யாரும் காத்திருக்கவில்லை. இன்றைக்கு அந்தப் பணம் சாதி பார்க்காமல் சேரவும் செலவாகவும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என் மகளின் கணக்கில் அது அப்படித்தான் போகிறது. கமுதிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் குடிநீருக்கும் கழிப்பறைக்கும் அவள் அதைக் கொடுக்கிறாள். அங்கே படிப்பது எங்களுக்கு வத்தல் போடுகிறவர்களின் பிள்ளைகள்.

இப்போது மண்டியும் மில்லும் அவள் பொறுப்பில்தான் இருக்கின்றன. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, அதை ஊர்ப் பெயர் போட்டே தனியாக விற்கிறாள். பில் கம்ப்யூட்டரில் வருகிறது, பணம் போனில் வருகிறது. மாதிரி வத்தலை இன்றும் எடைபோடுகிறார்கள்.

புதிதாகத் தொழில் தொடங்குகிற பிள்ளைகள் என்னிடம் வருவதுண்டு. கடன் எங்கே வாங்கலாம், பாக்கெட் எங்கே அச்சடிக்கலாம் என்று கேட்பார்கள், தெரிந்ததைச் சொல்வேன். அவர்களிடம் கேட்டுக்கொள்வதையே உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சாமி எதுவாகவும் இருக்கட்டும், சாமியே இல்லை என்றாலும் சரி. முதல் பில்லை அடிக்கும் முன்பே அதில் ஒரு வரியைக் கூடுதலாகச் சேருங்கள். நூற்றுக்குப் பத்துப் பைசா என்றாலும் போதும், விற்பனையில் எடுங்கள். அதைத் தனிக் கணக்கில் போட்டு, உங்களுக்குச் சரக்கு தருகிறவர்களும் உங்களிடம் வேலை பார்க்கிறவர்களும் வாழ்கிற ஊருக்குக் கொடுங்கள். லாபம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.